போர்க்களத்தை வாங்குவது எப்படி: அமெரிக்க அரசு மானியத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வடக்கு வர்ஜீனியாவில் வசிப்பவர்கள் ஃபேர்ஃபாக்ஸின் வெஸ்ட் ஆக்ஸ் ரோட்டில் எத்தனையோ முறை போயிருப்பீர்கள். கடைகள், அடுக்கு வீடுகள், சிக்னல்கள், நடுவே மரங்கள் சூழ்ந்த ஒரு சின்னப் பூங்கா. 1862 செப்டம்பர் 1-ஆம் தேதி, கொட்டும் மழையிலும் இடியிலும் இங்கே ஒரு சண்டை நடந்தது. உள்நாட்டுப் போரில் வட மாநிலங்களின் தரப்பான யூனியன் படையின் தளபதிகள் பிலிப் கியர்னி, ஐசக் ஸ்டீவன்ஸ் இருவரும் அன்று ஒரே மாலையில் விழுந்தார்கள். ஷான்டிலி சண்டை என்பார்கள், ஆக்ஸ் ஹில் சண்டை என்றும் சொல்வார்கள். அந்தக் களத்தில் இன்று பூங்காவாக மிஞ்சியிருப்பது சுமார் 5 ஏக்கர். மற்றதெல்லாம் கட்டடமாகிவிட்டது.

அந்த இழப்பைக் கண்டு வயிறெரிந்தவர்கள் சிலர் 1987-ல் உள்நாட்டுப் போர்க் களங்களைக் காக்க ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1999-ல் அது இன்னொரு அமைப்போடு சேர்ந்தது. சில முறை பெயர் மாறி, இன்று அமெரிக்கன் பேட்டில்ஃபீல்ட் டிரஸ்ட் என்ற பெயரில் இயங்குகிறது. இதுவரை 50,000 ஏக்கருக்கு மேல் காப்பாற்றியிருக்கிறார்கள். அத்தனையும் நன்கொடைப் பணத்தில் முடிகிற காரியமில்லை. பின்னால் அரசு மானியம் இருக்கிறது.

நான் இந்தப் பக்கத்தில் ஒரு சிறிய பாதுகாப்புக் குழுவில் தன்னார்வலன். கணினி வேலை பார்ப்பவன் என்பதால் படிவம், வரைபடம் எல்லாம் என் தலையில் விழுந்தது. அப்படிக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்: இது நிலக் கிரயம். நல்ல காரியத்துக்கு அரசு தரும் நன்கொடை என்று நினைத்துக்கொண்டு படிவத்தில் ஆரம்பிக்கிறவர்கள் அங்கேயே நிற்பார்கள். கிரயத்தை முதலில் கட்டி எழுப்புங்கள், படிவம் கடைசியில் தானாக நிரம்பும்.

பணம் எங்கிருந்து வருகிறது

தேசியப் பூங்கா சேவைக்குள் அமெரிக்கப் போர்க்களப் பாதுகாப்புத் திட்டம் என்று ஒரு சிறிய அலுவலகம் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் உருவானது. 1996-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டு அதை நிலைநிறுத்தியது. நிலம் வாங்கத் தரும் மானியத்துக்கு 2002-ல் சட்ட வடிவம் வந்தது. அப்போது உள்நாட்டுப் போர்க் களங்களுக்கு மட்டும்தான். 2014 டிசம்பரில், பிரிட்டனோடு நடந்த விடுதலைப் போர், 1812 போர் இரண்டின் களங்களையும் சேர்த்தார்கள்.

நிலத்துக்கான பணம் வருவது நில, நீர்ப் பாதுகாப்பு நிதியிலிருந்து. அந்த நிதிக்கு வரும் வருமானம் பெரும்பாலும் கடலோர எண்ணெய், எரிவாயுக் குத்தகைகளிலிருந்து. அதனால் வரிப்பணத்தை வீணடிக்கிறீர்களே என்று யாராவது கவுண்டி (நம் மாவட்டம் மாதிரியான உள்ளாட்சி) கூட்டத்தில் எழுந்து கேட்டால் சொல்ல ஒரு பதில் இருக்கிறது. 2020-ல் வந்த சட்டம் இந்த நிதிக்கு ஆண்டுக்கு 90 கோடி டாலரை உறுதி செய்தது. அதில் போர்க்களங்களுக்கு வருவது ஒரு கைப்பிடிதான், அண்மை ஆண்டுகளில் 2 கோடி டாலர் அளவில். நாடு முழுவதற்கும் அவ்வளவுதான்.

மானியம் நான்கு வகை. நிலம் வாங்க ஒன்று. ஆய்வுக்கும் திட்டமிடலுக்கும் ஒன்று. பார்வையாளர்களுக்குக் களத்தை விளக்கிக் காட்ட ஒன்று. ஏற்கெனவே காப்பாற்றிய நிலத்தைச் சண்டை நாளன்று இருந்த நிலைக்குத் திருப்ப ஒன்று. கடைசி இரண்டும் 2020-க்குப் பின் வந்தவை, தொகையும் சிறியவை. பெரிய பணம் நிலம் வாங்குவதில்தான் இருக்கிறது, பெரிய தலைவலியும் அங்கேதான். அதனால் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அதைப் பற்றியது.

படி 1: உங்கள் களம் பட்டியலில் இருக்கிறதா?

உங்கள் ஊரில் துப்பாக்கிக் குண்டு கிடைத்தது, தாத்தா காலத்துக் கதை இருக்கிறது என்பதெல்லாம் நிலம் வாங்கும் மானியத்துக்குச் செல்லாது. இரண்டே இரண்டு அறிக்கைகள்தான் கணக்கு.

முதலாவது, உள்நாட்டுப் போர்க் களங்களை ஆராய நாடாளுமன்றம் நியமித்த ஆலோசனை ஆணையம் 1993-ல் தந்த அறிக்கை. அந்தப் போரில் சிறிதும் பெரிதுமாக ஏறத்தாழ 10,500 மோதல்கள் நடந்தன. அதிலிருந்து 384 களங்களை முக்கியமானவை என்று ஆணையம் தேர்ந்தெடுத்தது. அவற்றையும் ராணுவ முக்கியத்துவத்தை வைத்து ஏ, பி, சி, டி என்று நான்கு தரமாகப் பிரித்தது. போரின் போக்கையே மாற்றியவை என்று 45 களங்களுக்கு மட்டும் ஏ. 384-ல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வர்ஜீனியாவில் இருக்கிறது. இங்கே மண்ணைத் தோண்டாமல் வீடு கட்டவும் முடியாது, தோண்டினால் வரலாறு வராமலும் இருக்காது.

இரண்டாவது, விடுதலைப் போர், 1812 போர் இரண்டுக்கும் 2007-ல் வந்த அறிக்கை. அதில் போர்க்களங்களும் தொடர்புடைய இடங்களுமாக 677.

பட்டியலில் களத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. உங்கள் கண்ணில் இருக்கும் துண்டு நிலம் அந்தக் களத்தின் எல்லைக்குள் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வரைபடத்தில் இரண்டு கோடுகள் இருக்கும். வெளிக்கோடு ஆய்வுப் பகுதி: படைகள் வந்த பாதை, கூடிய இடம், பின்வாங்கிய வழி எல்லாம் அதற்குள். உட்கோடு மையப் பகுதி: சண்டை நடந்த இடம். மையப் பகுதிக்குள் இருந்தால் உங்கள் கை ஓங்கியிருக்கும். இவற்றோடு மூன்றாவதாக ஒரு கோடும் உண்டு. இன்னும் சிதையாமல், தேசிய வரலாற்று இடங்கள் பதிவேட்டில் சேரத் தகுதியோடு மிஞ்சியிருக்கும் பகுதியை அது காட்டும். மையப் பகுதிக்குள் இருந்தும் இந்த மூன்றாம் கோட்டுக்கு வெளியே விழுந்தால், அங்கே வரலாறு நடந்தது உண்மை, ஆனால் காக்க ஒன்றும் மிஞ்சவில்லை என்று பொருள்.

இன்னொரு வடிகட்டி: ஏற்கெனவே தேசியப் பூங்காவின் எல்லைக்குள் இருக்கும் தனியார் நிலத்துக்கு இந்த மானியம் கிடையாது. அதற்கு வேறு வழி. எங்கள் குழு முதலில் ஆசைப்பட்ட நிலம் இதில்தான் அடிபட்டது. வேலிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பார்க்காமல் இரண்டு மாதம் ஓடியிருந்தோம். பூங்கா அலுவலகத்துக்கு முதல் நாளே ஒரு போன் போட்டிருந்தால் தீர்ந்திருக்கும்.

படி 2: விற்க மனமுள்ள உரிமையாளர்

சட்டத்தில் இது தெளிவாக இருக்கிறது: விருப்பத்தோடு விற்பவரிடமிருந்து மட்டுமே வாங்கலாம். கட்டாயக் கையகப்படுத்தல் இதில் கிடையாது. கையகப்படுத்தினால் என்ன விலை கொடுக்க நேரும் என்பதற்கு மனாசஸ் பாடம். 1861 ஜூலை 21-லும் 1862 ஆகஸ்ட் இறுதியிலும் இரண்டு பெரும் சண்டைகள் நடந்த களம் அது. 1988-ல் பூங்காவை ஒட்டி ஒரு பெரிய வணிக வளாகம் வரப்போகிறது என்றதும் நாடாளுமன்றமே சட்டம் போட்டு அந்த நிலத்தை எடுத்துக்கொண்டது. சுமார் 550 ஏக்கர். நஷ்டஈடு கடைசியில் 10 கோடி டாலரைத் தாண்டியது. புல்டோசர் வந்த பிறகு காப்பாற்றினால் இப்படித்தான். இன்றைய மானியத் திட்டம் மொத்த நாட்டுக்கும் ஐந்து வருடத்தில் செலவழிக்கும் தொகை அது.

ஆக, உரிமையாளரிடம் போய்ப் பேச வேண்டும். இதற்குப் படிவம் கிடையாது. பெரும்பாலும் வயதான விவசாயக் குடும்பம், அல்லது நிலத்தைப் பாகம் பிரிக்க முடியாமல் தவிக்கும் வாரிசுகள். நம் ஊர்ப் பங்காளிச் சண்டைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல: ஐந்து வாரிசுகளில் நான்கு பேர் சரி என்று, ஐந்தாமவர் கலிஃபோர்னியாவிலிருந்து போனை எடுக்கவில்லை என்றால் கிரயம் நகராது. முதல் சந்திப்பில் வரலாற்றைப் பேசாதீர்கள். அந்த நிலத்தின் வரலாறு உங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். வரிச்சலுகை, விற்ற பிறகும் வீட்டில் ஆயுள் முழுக்கக் குடியிருக்க முடியுமா, வைக்கோல் வெட்டுகிற பக்கத்து விவசாயிக்கு என்ன ஆகும், இவைதான் அவர்கள் கேட்பது.

முழு நிலத்தையும் வாங்குவது ஒரு வழி. நிலம் அவர்களிடமே இருக்க, அதில் இனி கட்டடம் கட்டும் உரிமையை மட்டும் வாங்கிக்கொள்வது இன்னொரு வழி. இரண்டாவதைப் பாதுகாப்பு ஈஸ்மென்ட் என்பார்கள். மானியம் இரண்டுக்கும் உண்டு. நிலத்தை விட மனமில்லாத குடும்பங்களுக்கு ஈஸ்மென்ட் நல்ல ஏற்பாடு. உழலாம், மாடு மேய்க்கலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம், பிளாட் போட்டு விற்க மட்டும் முடியாது.

ஒப்பந்தத்தில் கால அவகாசம் தாராளமாக வையுங்கள். சாதாரண வீட்டுக் கிரயம் மாதக் கணக்கில் முடியும். மத்திய அரசுப் பணம் அந்த வேகத்தில் வராது. அவசரப்படும் உரிமையாளர் என்றால், பெரிய டிரஸ்ட் ஒன்று கடன் வாங்கியோ கைப்பணத்திலோ முதலில் வாங்கி வைத்து, பிறகு மானியம் பெறும் முறையும் உண்டு. ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் திட்ட அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டுவிடுங்கள். மானியம் கைக்கு வருமுன் செய்த செலவு, முன் அனுமதி இல்லாவிட்டால் கணக்கில் ஏறாமல் போகலாம்.

படி 3: அரசுத் தரப்பில் ஒரு கூட்டாளி

திட்டம் தொடங்கியதிலிருந்து நெடுங்காலம் நிலம் வாங்கும் மானியத்துக்கு விண்ணப்பித்து வந்தவை மாநில அரசுகளும் உள்ளாட்சிகளும்தான். தொண்டு நிறுவனம் அவர்களோடு கூட்டாளியாகச் சேர, பணம் அவர்கள் வழியாக வந்து சேர்ந்தது. யார் நேரடியாக விண்ணப்பிக்கலாம் என்ற விதி சட்டத்திருத்தங்களோடு மாறக்கூடியது. அந்த ஆண்டின் அறிவிப்பை முதல் பக்கத்திலிருந்து படியுங்கள். விதி எதுவானாலும் உள்ளாட்சியின் ஆதரவு இல்லாமல் போவது புத்திசாலித்தனமில்லை. எந்த நிலத்தில் எதைக் கட்டலாம் என்ற மண்டல விதியை மாற்றுகிற பேனா அவர்கள் கையில் இருக்கிறது.

டென்னசியின் ஃபிராங்க்ளின் நகரம் இதற்கு நல்ல உதாரணம். 1864 நவம்பர் 30-ல் அங்கே நடந்த சண்டையின் களம் முழுக்க ஊராகிவிட்டது, காப்பாற்ற ஒன்றுமில்லை என்று பலர் கைவிட்டிருந்தார்கள். 2005-ல் கோல்ஃப் மைதானமாக இருந்த 110 ஏக்கரை 50 லட்சம் டாலருக்கு வாங்கினார்கள். அதில் பாதியை நகராட்சியே போட்டது. அதே ஆண்டு, தென் மாநிலப் படையின் தளபதி பேட்ரிக் கிளபர்ன் விழுந்த இடத்தருகே இருந்த ஒரு பீட்சா கடையை வாங்கி இடித்துப் பூங்கா ஆக்கினார்கள். பீட்சா கடையை வாங்கி இடிக்கும் அளவுக்கு ஒரு நகராட்சியின் மனம் மாறியது, அங்கே சிலர் வருடக்கணக்கில் கூட்டங்களுக்குப் போய் உட்கார்ந்ததால்.

எங்கள் பக்கத்தில் எதிர்மாறாகவும் பார்க்கிறோம். மனாசஸ் பூங்காவை ஒட்டி சுமார் 2,100 ஏக்கரில் டேட்டா சென்டர்கள் வர 2023 டிசம்பரில் பிரின்ஸ் வில்லியம் கவுண்டி வாரியம் ஒப்புதல் தந்தது. விவகாரம் நீதிமன்றம் போனது. டேட்டா சென்டர் நம்மில் பலருக்குச் சோறு போடும் தொழில், எனக்கும்தான். அதனால் இதில் நான் புனிதனாகப் பேசவில்லை. ஆனால் ஒரு நிலத்தின் மண்டலம் மாறிவிட்டால் அதன் விலை மாறிவிடும், அந்த விலைக்கு எந்த மானியமும் எட்டாது. இந்தக் கணக்கை மட்டும் மறக்காதீர்கள்.

மாநில அளவில் நீங்கள் சந்திக்க வேண்டியவர் வரலாற்றுப் பாதுகாப்பு அலுவலர். ஒவ்வொரு மாநிலத்திலும் இந்தப் பதவி உண்டு. வர்ஜீனியாவில் வரலாற்று வளங்கள் துறை அந்த வேலையைச் செய்கிறது. கீழே படி 5-லும் 6-லும் இவர்கள் திரும்ப வருவார்கள்.

படி 4: மதிப்பீடு

நம் ஊரில் வழிகாட்டி மதிப்பு ஒன்று, கைமாறும் தொகை வேறொன்று என்று பழகியவர்கள் இங்கே அதை அப்படியே மறந்துவிட வேண்டும். மதிப்பீட்டாளர் தரும் சந்தை மதிப்புதான் மானியத்தின் அடித்தளம். அதைவிடக் கூடக் கொடுத்து வாங்கினால், கூடக் கொடுத்தது உங்கள் பாடு.

வங்கிக் கடனுக்குச் செய்கிற சாதாரண மதிப்பீடு இதற்குச் செல்லாது. மத்திய அரசு நிலம் வாங்கும்போது பின்பற்றும் தனி விதிமுறை ஒன்று உண்டு, மஞ்சள் புத்தகம் என்று தொழிலில் இருப்பவர்கள் சொல்வார்கள். அதன்படி அறிக்கை எழுதத் தெரிந்த, மாநில உரிமம் பெற்ற மதிப்பீட்டாளர் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் அதிகம் பேர் இல்லை, காத்திருக்க வேண்டிவரும், கட்டணமும் சாதாரண மதிப்பீட்டைப் போலப் பல மடங்கு. எங்கள் குழுவில் ஒருவர், பணத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று உள்ளூர் ஆளை வைத்துச் செய்த அறிக்கை அப்படியே திரும்பி வந்தது. இரண்டு தடவை காசு போனது. முதல் போனிலேயே ‘மஞ்சள் புத்தகப்படி எத்தனை அறிக்கை எழுதியிருக்கிறீர்கள்?’ என்று கேளுங்கள். பதில் தயங்கி வந்தால் நன்றி சொல்லி வைத்துவிடுங்கள்.

மதிப்பீட்டுக்கும் காலாவதி உண்டு. சந்தை ஓடுகிற இடத்தில் பழைய அறிக்கையை ஏற்க மாட்டார்கள். அதனால் மிக முன்னதாகவும் செய்யாதீர்கள். உரிமையாளர் ஒப்புக்கொண்டு, கூட்டாளியும் கிடைத்த பிறகு செய்தால் போதும். ஈஸ்மென்ட் என்றால் இரண்டு மதிப்பு வேண்டும்: கட்டுப்பாடு இல்லாமல் என்ன விலை, கட்டுப்பாட்டோடு என்ன விலை. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம்தான் ஈஸ்மென்டின் விலை.

படி 5: மற்றப் பாதி

நிலம் வாங்கும் மானியம் ஒன்றுக்கு ஒன்று. அரசு ஒரு டாலர் போட்டால் நீங்கள் ஒரு டாலர் போட வேண்டும், அந்த டாலர் மத்திய அரசிடமிருந்து வந்ததாக இருக்கக் கூடாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 ஏக்கர், மதிப்பு 12 லட்சம் டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 லட்சம் மானியம், 6 லட்சம் நீங்கள் புரட்ட வேண்டியது.

புரட்டுவதற்கு வழிகள் உண்டு. சில மாநிலங்களில் இதற்கென்றே நிதி இருக்கிறது. வர்ஜீனியாவில் 2010-லிருந்து போர்க்களப் பாதுகாப்பு நிதி இயங்குகிறது. மாநிலப் பணம் மத்திய அரசுப் பணம் இல்லை, அதனால் இரண்டையும் ஜோடி சேர்க்கலாம். மேலே சொன்ன கணக்கில் மாநிலம் 3 லட்சம் தந்தால், நீங்கள் மக்களிடம் திரட்ட வேண்டியது 3 லட்சம் மட்டும். நன்கொடை கேட்கும்போது ‘நீங்கள் தரும் 1 டாலர் 4 டாலராகிறது’ என்று சொல்லலாம், அது உண்மையும்கூட. பெரிய டிரஸ்ட்களின் கடிதங்களில் இந்தப் பெருக்கல் கணக்குத்தான் முதல் வரியில் நிற்கும்.

இன்னொரு வழி, உரிமையாளர் சந்தை மதிப்பைவிடக் குறைத்து விற்பது. குறைத்த தொகை அவருடைய நன்கொடை. அதை உங்கள் பங்காகக் காட்ட இடமிருக்கிறதா என்று திட்ட அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு, பதிலைக் கோப்பில் வையுங்கள். உரிமையாளருக்கும் வரிச்சலுகை கிடைக்கலாம், ஆனால் அதைப் பற்றி நீங்கள் வாக்குக் கொடுக்காதீர்கள், அவருடைய கணக்காளர் சொல்லட்டும். நன்கொடை திரட்ட நடத்திய விருந்துச் செலவு, ஆதரவு கேட்டு அரசியல்வாதிகளைச் சந்தித்த செலவு போன்றவற்றை மானியக் கணக்கில் எழுதவே கூடாது.

நியூ ஜெர்சியில் இருப்பவர்களுக்குப் பிரின்ஸ்டன் கதை தெரிந்திருக்கலாம். 1777 ஜனவரி 3-ல் வாஷிங்டனின் படை எதிர்த்தாக்குதல் நடத்திய வயல் ஒரு பெரிய ஆய்வு நிறுவனத்தின் சொத்து. பேராசிரியர்களுக்கு வீடு கட்ட அங்கே திட்டமிட்டார்கள், வருடக்கணக்கில் வழக்கும் வாக்குவாதமும் நடந்தன. 2016 டிசம்பரில் ஒரு உடன்பாடு வந்தது: ஏறத்தாழ 15 ஏக்கரை 40 லட்சம் டாலருக்கு டிரஸ்ட் வாங்கிக்கொள்ளும், வீடுகளின் திட்டத்தை நிறுவனம் மாற்றிக்கொள்ளும். ஒரு சண்டை தீர்ந்தது, இரு தரப்பும் முகம் கொடுத்துப் பேசும் நிலையும் மிஞ்சியது. கூடவே ஒரு கொசுறு. முந்தைய இரவு டிரென்டனில் எரியும் முகாம் நெருப்புகளைக் காட்டி ஏமாற்றிவிட்டு வாஷிங்டன் நழுவி வந்தது பிரிட்டிஷ் தளபதி காரன்வாலிஸ் பிரபுவிடமிருந்து. அதே காரன்வாலிஸ்தான் பிற்பாடு நம் பக்கம் வந்து திப்புவோடு போரிட்டு, 1792 உடன்படிக்கையில் பாரமகாலையும் திண்டுக்கல்லையும் கம்பெனிக்கு வாங்கிக் கொடுத்தவர். சேலத்துக்காரர்கள் பிரின்ஸ்டன் போனால் அந்த வயலையும் ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாம்.

படி 6: நாமே விரும்பிப் போட்டுக்கொள்ளும் வில்லங்கம்

ஊரில் சொத்து வாங்கும்போது வில்லங்கச் சான்று எடுப்போம், ஏதாவது இருந்தால் ஓடிவிடுவோம். இங்கே நேரெதிர். மானியப் பணத்தில் வாங்கும் நிலத்தின் மேல் நிரந்தர வில்லங்கம் ஒன்று பதிவாக வேண்டும். நிலத்தை யார் வாங்கினாலும், எத்தனை தலைமுறை கழிந்தாலும், களத்தைச் சிதைக்கும் எதையும் செய்ய முடியாது என்கிற ஈஸ்மென்ட். அரசு தருகிற காசுக்கு உண்மையில் வாங்கிக்கொள்வது இந்த வாக்குறுதியைத்தான்.

இதை வைத்திருப்பவர் நிலத்தின் உரிமையாளராக இருக்கக் கூடாது, வேறொருவராக இருக்க வேண்டும். வர்ஜீனியாவில் பெரும்பாலும் மாநில வரலாற்று வளங்கள் வாரியம் வைத்துக்கொள்ளும். ஈஸ்மென்டின் வாசகத்தைத் தேசியப் பூங்கா சேவை படித்து ஒப்புக்கொள்ள வேண்டும். மாநில வழக்கறிஞர் ஒரு சொல்லை மாற்ற, இவர்கள் அதைத் திரும்ப மாற்ற, வரைவு பல முறை போய் வரும். நேரம் அதிகம் கரைவது இங்கேதான் என்பது என் அனுபவம். அதனால் விண்ணப்பம் எழுதும்போதே வரைவையும் தொடங்கிவிடுங்கள்.

வாசகத்தில் கவனிக்க வேண்டியவை: இப்போது அங்கே இருக்கும் வீடு, கொட்டகை, கிணறு என்ன ஆகும்? தகவல் பலகை, நடைபாதை, சின்ன வாகன நிறுத்தம் அமைக்க இடம் விட்டிருக்கிறீர்களா? தொல்லியல் ஆய்வுக்கு அனுமதி யாரிடம்? மெட்டல் டிடெக்டரோடு வருகிறவர்களை எப்படித் தடுப்பது? நடைபாதையை எழுத மறந்துவிட்டால் பிற்பாடு உங்கள் நிலத்திலேயே நீங்கள் பாதை போட முடியாமல் நிற்பீர்கள்.

இது தவிர, நில, நீர்ப் பாதுகாப்பு நிதிச் சட்டத்தின் ஒரு பிரிவுப்படி, இந்தப் பணத்தில் வாங்கிய நிலத்தை உள்துறைச் செயலரின் ஒப்புதல் இல்லாமல் வேறு பயன்பாட்டுக்கு மாற்ற முடியாது. இங்கே உள்துறை என்றால் போலீஸ் இல்லை, நிலம், பூங்கா, பழங்குடிகள் விவகாரம். நகராட்சி நாளைக்கு அங்கே தண்ணீர்த் தொட்டி கட்ட நினைத்தாலும் இந்தக் கதவைத் தட்டியாக வேண்டும். இதை முன்பே கூட்டாளி அரசின் வழக்கறிஞருக்குப் புரிய வையுங்கள். கடைசி வாரத்தில் படித்துவிட்டுப் பின்வாங்குகிறவர்கள் உண்டு.

படி 7: படிவம்

சரி, இப்போதுதான் கணினி முன் உட்கார வேண்டும். மத்திய அரசின் சாம் இணையதளத்தில் நிறுவனத்தைப் பதிந்து 12 எழுத்து கொண்ட அடையாள எண் வாங்க வேண்டும். நிறுவனத்தின் பெயரோ முகவரியோ வருமான வரித் துறைப் பதிவிலிருந்து ஒரு புள்ளி மாறினாலும் இழுத்தடிக்கும். பதிவை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். எங்களுடையது விண்ணப்பக் கெடுவுக்கு ஒன்பது நாள் முன்பு காலாவதியாகியிருந்ததை நான் தற்செயலாகப் பார்த்தேன். அந்த வாரம் நான் தூங்கியது குறைவு. நாட்காட்டியில் இன்றைக்கே குறித்து வையுங்கள்.

விண்ணப்பம் கிராண்ட்ஸ் டாட் கவ் என்ற மத்திய அரசின் மானியத் தளம் வழியாகப் போகும். எஸ்எஃப்-424 என்ற பொதுப் படிவம், செலவுத் திட்டம், விளக்கவுரை, வரைபடங்கள், உரிமையாளரின் சம்மதக் கடிதம், மேட்சிங் தொகை, அதாவது மற்றப் பாதியைத் தருபவர்களின் உறுதிக் கடிதம், மதிப்பீட்டு அறிக்கை. விளக்கவுரையில் போரின் மொத்தக் கதையை எழுதாதீர்கள். படிப்பவர்கள் அதைக் கரைத்துக் குடித்தவர்கள். அவர்களுக்கு வேண்டியது இந்தத் துண்டு நிலத்தில் எந்தப் படைப்பிரிவு எங்கே நின்றது, எந்த மேட்டிலிருந்து எது தெரிந்தது, ஓடையும் வேலியும் எங்கே தடுத்தன என்பது.

அதற்கு ராணுவத்தார் பயன்படுத்தும் ஒரு முறை இருக்கிறது, கோகோவா என்பார்கள். முக்கிய நிலப்பகுதி, பார்வையும் சுடும் பரப்பும், மறைவிடம், தடைகள், வரும் போகும் வழிகள் என்ற ஐந்தையும் நிலத்தின் மேல் வைத்துப் பார்ப்பது. திட்ட அலுவலகத்தின் ஆய்வு முறையே இதில்தான் நிற்கிறது. பழைய ராணுவ வரைபடத்தை இன்றைய கவுண்டி நில வரைபடத்தின் மேல் பொருத்தி, இந்த ஐந்தையும் குறித்து ஒரே பக்கத்தில் காட்டினால், பத்துப் பக்க உரைநடை செய்யாததை அது செய்யும். அப்புறம் ஆபத்து எவ்வளவு அருகில் இருக்கிறது என்று காட்ட வேண்டும். பக்கத்து நிலத்தின் மண்டல மாற்ற விண்ணப்பம், சாலை விரிவாக்கத் திட்டம் என்று கையில் தாள் இருந்தால் சேருங்கள். ‘நகரமயமாதலின் அச்சுறுத்தல்’ என்று பொதுவாக எழுதினால் யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள்.

மானியம் முடிவாகுமுன் இரண்டு சட்டப் பரிசீலனைகள் நடக்கும்: 1966-ன் வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்தின் 106-ஆம் பிரிவு, 1969-ன் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம். பழங்குடி அரசுகளோடு கலந்தாலோசிப்பதும் இதில் வரும். நிலத்தின் அடியில் பழைய பெட்ரோல் தொட்டி மாதிரி ஏதாவது இருந்தால் வெளியே வரும் கட்டம் இது. கிரயத்துக்கு முன்பே சுற்றுச்சூழல் சோதனை ஒன்றைச் செய்துவிடுவது நல்லது.

உங்கள் களம் பட்டியலில் இல்லையென்றால்

அங்கேதான் திட்டமிடல் மானியம் கை கொடுக்கும். இதற்கு மூன்று போர்கள் என்ற வரம்பு இல்லை. அமெரிக்க மண்ணில் நடந்த எந்த ஆயுத மோதலுக்கும் கேட்கலாம். தொண்டு நிறுவனங்கள், பல்கலைக்கழகங்கள், பழங்குடி அரசுகள், உள்ளாட்சிகள் எல்லோரும் நேரடியாக விண்ணப்பிக்கலாம். மேட்சிங் கட்டாயமில்லை. இந்த மானியம் எனக்குக் குறிப்பாகப் பிடிக்கும், ஏனென்றால் வென்றவர்களின் பட்டியலில் வராத களங்கள் இதன் வழியாகத்தான் வெளிச்சத்துக்கு வந்தன. கனெக்டிகட்டில் மஷான்டக்கெட் பீக்வாட் பழங்குடியினரின் அருங்காட்சியகம், 1630-களில் தங்கள் முன்னோர்மேல் நடந்த போரின் களங்களை இந்த மானியங்களைக் கொண்டு ஆய்வு செய்தது. எழுத்தில் இருந்ததெல்லாம் அவர்களுடைய ஊரை எரித்தவர்களின் குறிப்புகள். மண்ணுக்குள் இருந்த ஈயக் குண்டுகளும் பித்தளை அம்புமுனைகளும் மறுபக்கத்தின் நடமாட்டத்தைக் காட்டின.

போர்க்களத் தொல்லியல் என்ற துறையே வளர்ந்தது இப்படித்தான். மொன்டானாவில், அமெரிக்கப் படையும் பழங்குடியினரும் மோதிய லிட்டில் பிக்ஹார்ன் களத்தில் 1983-ல் புல்வெளி தீப்பிடித்து எரிந்தது. தரை வெறுமையாகத் தெரிந்ததும் அடுத்த ஆண்டு மெட்டல் டிடெக்டர்களோடு இறங்கினார்கள். தோட்டா உறைகள் கிடந்த இடங்களை ஒவ்வொன்றாகக் குறித்தபோது, யார் எங்கிருந்து சுட்டார்கள், எங்கே நகர்ந்தார்கள் என்பது கோடு கோடாக வந்தது. அதனால்தான் யாராவது ஞாபகப் பொருளாக ஒரு குண்டைப் பொறுக்கிப் பையில் போட்டால் எங்களுக்குப் பதறும். குண்டுக்கு விலை இல்லை, அது கிடந்த இடத்துக்குத்தான் விலை.

பணம் வந்த பிறகு

பத்திரம் பதிவாகி, ஈஸ்மென்டும் பதிவாகி, கணக்கெல்லாம் ஒப்படைத்த பிறகு படம் எடுத்துக்கொண்டு கலைந்துவிடலாம் என்று நினைப்போம். ஈஸ்மென்ட் வைத்திருப்பவர் அவ்வப்போது வந்து பார்ப்பார். நீங்கள் அதற்கு முன் ஒரு அடிப்படை அறிக்கை தயார் செய்திருக்க வேண்டும்: எந்த மரம் எங்கே, எந்தக் கட்டடம் எந்த நிலையில், புகைப்படங்களோடு. பத்து வருடம் கழித்து ‘இந்தக் கொட்டகை முன்பே இருந்ததா?’ என்று கேள்வி வந்தால் அந்த அறிக்கைதான் பேசும்.

நிலத்தில் பிற்காலத்து வீடோ நீச்சல் குளமோ இருந்தால், அதை எடுத்துவிட்டு, வயலையும் மரக்கோட்டையும் சண்டை நாளன்று இருந்தபடி கொண்டுவர மீட்டெடுப்பு மானியம் கேட்கலாம். அதற்கு, நிலம் முன்பு இதே திட்டத்தின் உதவியோடு காப்பாற்றப்பட்டதாக இருக்க வேண்டும், மறுபடியும் பாதிப் பணம் உங்களுடையது. பலகை, ஒலிவழிகாட்டி, செயலி போன்றவற்றுக்கு விளக்க மானியம், அதற்கும் பாதி.

நல்ல செய்திக்கும் ஒரு களம் சொல்கிறேன். பிராண்டி ஸ்டேஷனில் 1863 ஜூன் 9-ல் அந்தப் போரின் மிகப் பெரிய குதிரைப்படைச் சண்டை நடந்தது. 1990-களில் அங்கே கார்ப் பந்தயத் தடம் கட்டப் பார்த்தார்கள். அது நின்றுபோய், துண்டு துண்டாக நிலம் வாங்கிச் சேர்த்து, 2024 ஜூனில் கல்பெப்பர் போர்க்களங்கள் மாநிலப் பூங்காவாகத் திறந்தார்கள். முப்பது வருடக் கதை. உங்களுக்கும் அவ்வளவு ஆகும் என்று சொல்லவில்லை, ஆனால் முதல் 60 ஏக்கர் கைக்கு வந்த மறுநாளே ஒரு கேள்வி வரும்: இந்தப் புல்லை யார் வெட்டுவது? எங்களுக்குத் தெரிந்த ஒரே நல்ல பதில், படி 2-ல் சொன்ன அந்தப் பக்கத்து விவசாயி. வைக்கோலை அவர் எடுத்துக்கொள்ளட்டும், களம் சுத்தமாக இருக்கும். ஈஸ்மென்டில் அவருக்கு இடம் விட மறந்துவிடாதீர்கள்.